லாரியில் ஒலிப்பது யார் பாட்டு?

மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் போகும் நான்கு வழிச் சாலையோரம் இரவு 11 மணிக்கு மேல் நின்று பாருங்கள். ஒரு லாரி நம்மைக் கடக்கும் சில விநாடிகளில் ஒரு பாட்டின் துண்டு காதில் விழும். அது தேய்ந்து மறைவதற்குள் அடுத்த லாரி, அடுத்த பாட்டு. பெரும்பாலும் இளையராஜா. இடையிடையே திருவிழாப் பாட்டு, சாமி பாட்டு. சில வண்டிகளில் மட்டும் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி, அரிவாளையும் வேல்கம்பையும் சொல்லி, கண்ணாடி அதிரும் சத்தத்தில் ஒரு பாட்டு.

எந்தப் பாட்டு சத்தமாக ஒலிக்கிறது, எந்தப் பாட்டு மெதுவாக ஒலிக்கிறது என்று கவனித்தால் இந்த வட்டாரத்தின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு லாரி டிரைவர்.

அவருக்கு 52 வயது. மேலூர்ப் பக்கம் ஒரு காலனி. 16 வயதில் கிளீனராக வண்டி ஏறியவர். இன்று வாரத்துக்கு மூன்று நடை தூத்துக்குடித் துறைமுகம், லோடு கிடைத்தால் சென்னை. பெயர் போட வேண்டாம் என்றார். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அவர் வண்டியில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் மூன்று போல்டர். முதலாவதில் இளையராஜா. இரண்டாவது, ஓனர் ஏற்றிக் கொடுத்தது. முழுக்க ஓனருடைய சாதியின் பெருமைப் பாட்டு. மூன்றாவது, இவரே செல்போன் கடையில் காசு கொடுத்து ஏற்றியது. அதில் அம்பேத்கர் பாட்டு உண்டு, கே.ஏ.குணசேகரன் பாடியவை உண்டு, இவருடைய அத்தை நடவு வயலில் பாடியதைச் செல்போனில் பிடித்த ஒரு பாட்டும் உண்டு.

"முதல் போல்டர எங்கயும் போடலாம் தம்பி. ரெண்டாவது, ஓனர் வண்டியில ஏறுனா போடணும். மூணாவது, கொட்டாம்பட்டி தாண்டி துவரங்குறிச்சி காட்டுக்குள்ள போனதுக்கப்பறம்தான். அங்கிட்டு டீக்கடை வந்துச்சுன்னா நிறுத்துறதுக்கு முன்னாடியே ஆப் பண்ணிருவேன். பாட்டப் போடுறது நானு. சவுண்ட வைக்கிறது ஊரு" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தூக்கமும் பாட்டும்

லாரிக்காரருக்குப் பாட்டு பொழுதுபோக்கு அல்ல, வேலைக் கருவி. முன்பு வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு மாற்று டிரைவர், ஒரு கிளீனர் என்று போனார்கள். டீசல் விலை, சுங்கக் கட்டணம், வாடகைப் போட்டி எல்லாம் சேர்ந்து, முதலில் மாற்று டிரைவர் போனார், பிறகு பல வண்டிகளில் கிளீனரும் போய்விட்டார். பேச்சுத்துணைக்கு மிஞ்சியது ஸ்பீக்கர் மட்டும்.

டிரைவரின் வேலை நேரத்தை 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வழித்தடம் என்றால், அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை. 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இதே கணக்கைத்தான் காட்டியது. ஆனால் மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். லோடு ஏற்றிய வண்டியில் ஒற்றை ஆளாக இரவு கிளம்பி விடிந்ததும் சேர வேண்டும் என்றால், சட்டம் சொல்லும் நேரம் எங்கே நிற்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த இடைவெளியைத்தான் பாட்டு நிரப்புகிறது. இரவு 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். சவுண்டைக் கூட்டினால் தூக்கம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, சில நிமிடம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டி 20 நிமிடம் கண்ணயர்வதற்கு ஈடான பாட்டு எதுவும் இல்லை. வீட்டில் டிரைவர் இருக்கும் மாணவர்கள் இதை அப்பாவிடம், அண்ணனிடம் சொல்லுங்கள்.

கேசட் திறந்த கதவு

ஒரு காலத்தில் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை வானொலி நிலையம்தான் முடிவு செய்தது. தென் மாவட்ட டீக்கடைகளில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, பிறகு மதுரை வானொலி, கொடைக்கானல் பண்பலை. மலை உச்சியிலிருந்து வரும் கொடைக்கானல் பண்பலை, மதுரை, திண்டுக்கல், தேனி வண்டிகளுக்கு நெடுந்தூரம் விட்டுப்போகாத துணை. தனியார் பண்பலைகளும் வந்தன. ஆனால் அவை சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப மத்திய அரசின் கொள்கை இடம் தரவில்லை. அதனால் இரவெல்லாம் காது திறந்திருக்கும் ஒரு தொழிலாளிக்குப் பாட்டு கிடைக்கிறது, பரிசுப் போட்டி கிடைக்கிறது, தன் ஊர்ச் செய்தி கிடைப்பதில்லை.

1980களில் கேசட் பரவியபோது கதை மாறியது. ஒரு மைக்கும் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தால் யாருடைய குரலும் வண்டி ஏறலாம் என்றானது. அப்படி ஏறிய குரல்களில் முக்கியமானது கே.ஏ.குணசேகரனுடையது. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்து இளையான்குடியில் வளர்ந்தவர். நாட்டுப்புறப் பாட்டைச் சேரித் தெருவிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தவர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகப் பாடியவர். 'பலி ஆடுகள்' நாடகமும், 'வடு' என்ற தன்வரலாறும் அவர் எழுதியவை. 2016 ஜனவரியில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும் மறைந்தார். அந்தக் குரல் மேலூர் டிரைவரின் மூன்றாவது போல்டரில் இன்னும் இருக்கிறது.

கேசட் திறந்துவிட்ட அதே கதவு வழியாகத்தான் சாதிப் பெருமைப் பாட்டும் வந்தது. 1992இல் வெளியான 'தேவர் மகன்' படத்தின் ஒரு பாட்டு, படத்தை விட்டு வெளியே வந்து, தென் மாவட்டங்களில் சாதி விழாக்களின் பாட்டாகவே ஆகிப்போனது. அதைக் கேட்டு வளர்ந்த வலியை இயக்குநர் மாரி செல்வராஜ் 2023இல், கமல்ஹாசன் முன்னிலையிலேயே மேடையில் பேசினார். இன்று படம் கூடத் தேவையில்லை. சின்ன ஸ்டுடியோவில் ஒரே நாளில் பாட்டு தயார், மறுநாள் யூடியூப், அதற்கு மறுநாள் பென் டிரைவ். ஆண்ட பரம்பரை, அடங்காத கூட்டம், எதிர்த்தால் வெட்டு. எந்தச் சாதிப் பாட்டை எடுத்தாலும் ஏறக்குறைய இதே மூன்று சங்கதிதான்.

பாட்டு காட்டிக்கொடுக்கும்

நெடுஞ்சாலைக்கு ஒரு குணம் உண்டு. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. புரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஊரில் தனி டம்ளரைப் பார்த்து வளர்ந்த ஒருவர் சாலையில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் டீ குடிக்கிறார். நம் மக்கள் பலர் இந்தத் தொழிலை விரும்பி ஏற்றதற்குக் கூலி மட்டும் காரணம் இல்லை. இந்த முகம் தெரியாத சுதந்திரமும் ஒரு காரணம்.

அந்தச் சுதந்திரத்தைப் பாட்டு கெடுத்துவிடும். முகத்தில் எழுதியிருக்காத சாதியை ஸ்பீக்கர் சொல்லிவிடும்.

மேலூர் டிரைவருக்கு அது நடந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கிராமத்துக்குத் தேங்காய் லோடு ஏற்றப் போயிருக்கிறார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆறேழு கிலோமீட்டர். பாட்டை நிறுத்த மறந்துவிட்டார். தோப்பில் நின்ற ஒருவர் கேபின் பக்கம் வந்து, "எந்த ஊருடா நீ? காலனியா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு இவர் மகன் வயது. லோடு ஏற்றுவது நின்றுவிட்டது. ஓனருக்குப் போன் போனது. "அவன் அந்தப் பாட்டெல்லாம் போடமாட்டானே" என்று ஓனர் சமாதானம் சொன்ன பிறகு, மாலை இருட்டியதும் லோடு ஏறியது. மறுநாள் பென் டிரைவ் ஓனர் கைக்குப் போனது. அந்த நடைக்குப் பேட்டா கிடையாது.

"என்னைத் திட்டுனதுகூடப் பெருசில்ல. அத்தை பாட்டு அதுலதான் இருந்துச்சு" என்றார். நல்லவேளை, பழைய செல்போனில் அது இன்னொரு பிரதி இருந்தது.

அதே வண்டியின் முன்கண்ணாடியில் ஓனரின் சாதிப் பெயர் பட்டையாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் "எந்த ஊருடா" என்று கேட்டதில்லை. ஒருவருக்கு அடையாளம் அலங்காரம், இன்னொருவருக்கு அதுவே குற்றம். நம் ஊரில் சமத்துவம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்க வேறு கருவி வேண்டாம், ஒரு சவுண்டு பட்டன் போதும்.

1997 சொல்லும் பாடம்

"பயந்து ஏன் சவுண்டைக் குறைக்க வேண்டும்? தைரியமாகப் போட வேண்டியதுதானே" என்று இளைஞர்கள் கேட்கலாம். அந்த டிரைவர் கோழை அல்ல. அவருக்கு 1997 ஞாபகம் இருக்கிறது.

அந்த ஆண்டு மே 1 அன்று விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. வீரபாண்டிய கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தென் மாவட்டங்களில் மோதல் வெடித்தது. கடைசியில் ஜூலை மாதம், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது. அதுவரை எத்தனையோ தலைவர்களின் பெயரோடு பஸ்கள் ஓடின. யாருக்கும் சங்கடம் இல்லை. ஒரு தலித் வீரனின் பெயர் பஸ்ஸில் ஏறியதும் எல்லாப் பெயரும் இறங்க வேண்டியதாயிற்று.

அந்த மோதலும் அரசின் முடிவும் நடந்த அதே நாட்களில், ஜூன் 30 அன்று, மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து பேரும் படுகொலை செய்யப்பட்டார்கள். தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வென்றதுதான் அவர் செய்த 'தவறு'. மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து அந்தக் கொலை நடந்தது. மேலவளவில் அவர்களுக்காக எழுப்பப்பட்ட 'விடுதலைக் களம்' நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஜூன் 30இல் மக்கள் கூடுகிறார்கள்.

ஓடும் வண்டி இந்த மண்ணில் வெறும் வண்டியாக இருந்ததில்லை. அதன் மேல் என்ன பெயர், அதற்குள் யார், அதிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். மேலூர் வழியாக வாரம் நான்கு முறை போகும் டிரைவர் சவுண்டைக் குறைப்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துப் பாட்டு

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் இளைஞர்கள் செல்போனிலும் இப்போது 'ஆண்ட பரம்பரை' பாட்டுகள் ஏறிவிட்டன. மெட்டு அதே, அரிவாள் அதே, சாதிப் பெயர் மட்டும் வேறு. "அவங்க போடும்போது நாங்க போடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. மிதிப்பவன் பாட்டையும் மிதிபட்டவன் பாட்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் நியாயம் பேசவில்லை. ஆனால் நாமும் ஆண்டவர்கள்தான் என்று பாடும்போது, ஆள்வதும் அடக்குவதும்தான் மரியாதை என்று எதிராளி சொன்னதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அம்பேத்கர் நமக்குத் தந்தது அரியணை அல்ல, சம உரிமை.

வேறு இடங்களில் எப்படிப் பாடினார்கள் என்று பாருங்கள். மராட்டியத்தில் வாமன்தாதா கர்டக் அம்பேத்கரைப் பற்றி ஏராளமான பாட்டுகளைக் கட்டிக் கிராமம் கிராமமாகப் பாடினார். பஞ்சாபில் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி என்ற இளம்பெண், இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே எடுத்து, தலை நிமிர்ந்து பாடிப் புகழ்பெற்றார். நம் பக்கத்திலும் 2021இல் 'கர்ணன்' படம் வந்தது. தங்கள் ஊரில் பஸ் நிற்காததற்காக மக்கள் போராடும் கதை. அதில் கிடாக்குழி மாரியம்மாள் பாடிய பாட்டு எல்லா லாரிகளிலும் ஒலித்தது. ஓனர் கொடுத்த பென் டிரைவிலும் அது இருந்ததாம். "யாரு கதைன்னு தெரியாமலே எல்லாரும் சவுண்டு வச்சுக் கேட்டாங்க தம்பி" என்று சிரித்தார் டிரைவர். நல்ல பாட்டுக்கு அந்தப் பலம் உண்டு.

என்ன செய்யலாம்?

கோயில் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, சாதியையோ கட்சியையோ முன்னிறுத்தும் பாட்டு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை விதித்து வந்திருக்கிறது. மேடைக்கு உள்ள அந்த நிபந்தனை, பயணிகள் ஏறும் தனியார் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோவுக்கும் நடைமுறையில் வர வேண்டும். வண்டியில் சாதிப் பெயர் ஒட்டுவதற்கு எதிராக, அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அரசு உத்தரவு போட்டது. பெரியார் பிறந்த மாநிலம் இதில் பின்தங்கியிருக்கலாமா?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கையில் கட்டிய கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். பள்ளிக்கு வரும் பஸ்ஸில் தினமும் ஒரு மணி நேரம் காதில் ஏறுகிற கயிற்றை யார் அவிழ்ப்பது? அடுத்தவனை வெட்டச் சொல்லும் பாட்டு யாருடையதாக இருந்தாலும் செல்போனிலிருந்து நீக்குங்கள். அந்த வேலையை நாம் தொடங்கலாம்.

அடுத்தது, வண்டி. வண்டி ஓனருடையதாக இருக்கும்வரை பென் டிரைவும் ஓனருடையதுதான். தாட்கோ மூலம் வாகனம் வாங்கக் கடன் உண்டு. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதாரத் தொழில்முனைவுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம் இருக்கிறது. மேலூர் டிரைவர் ஒரு குட்டி யானை வாங்க இதற்கு விண்ணப்பித்தார். தாட்கோ பரிந்துரை கிடைத்தது. வங்கியில்தான் ஏழு மாதம் நடந்தார். ஜாமீன் கேட்டார்கள், சொத்துப் பத்திரம் கேட்டார்கள். சொத்து இருந்தால் அவர் ஏன் 36 வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறார்? மானியம் அறிவிப்பதோடு அரசு நின்றுவிடாமல், வங்கியில் எத்தனை விண்ணப்பம் தேங்கிக் கிடக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் கேட்க வேண்டும். படித்த பிள்ளைகள் தங்கள் தெருவில் இருக்கும் டிரைவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வங்கி வரை கூடப் போய் வர வேண்டும்.

அவர் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வண்டி வந்தால் முன்கண்ணாடியில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் எழுத மாட்டேன் தம்பி. கண்ணாடி ரோட்டப் பாக்கத்தான். ஆனா அத்தை பாட்ட மட்டும் மேலூர் பஸ் ஸ்டாண்டு வழியா ஒருதடவ நல்லா சவுண்டு வச்சு ஓட்டிட்டுப் போகணும்" என்றார்.

நடவுப் பாட்டு அது. அதில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. ஏர், நாற்று, கூலி, பசிக்கு அழும் பிள்ளை, இவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் பாட்டைச் சத்தமாக வைக்க ஒரு மனிதர் சொந்த வண்டிக்காகக் காத்திருக்கிறார் என்றால், அதில் வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல.